சைக்கிள் ஓட்டிய பெண்களுக்கு வயசாகுது: புதுக்கோட்டையும் முதுமைக்கு ஒரு வீடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு சின்ன வயசுக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் தொடங்குது. அப்போ கலெக்டரா இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அடிப்படையில அது எழுத்தறிவு இயக்கம்தான். ஆனா அதோட சேர்ந்து இன்னொன்னும் நடந்துச்சு. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. வயல்ல கூலி வேலை பார்த்தவங்க, கல்குவாரியில உழைச்சவங்க, அங்கன்வாடி ஊழியர்கள், செவிலியர்கள்னு பல பேர். பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க் கடன் ஏற்பாடு பண்ணாங்க. குவாரி குத்தகையையே பெண்கள் குழுக்கள் கையில கொடுத்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினதுக்கு அப்புறம் இந்தக் கதை தமிழ்நாட்டைத் தாண்டியும் போச்சு. நம்மள்ல பல பேர் இதைக் கேள்விப்பட்டிருப்போம்.

இப்போ கணக்கு. அன்னைக்கு 30 வயசுல பெடல் மிதிச்சவங்களுக்கு இன்னைக்கு 60 தாண்டியாச்சு. 40 வயசுல கத்துக்கிட்டவங்க 75ஐ நெருங்கிட்டாங்க. அந்தத் தலைமுறை மொத்தமும் இப்போ அரசாங்கக் கணக்குல மூத்த குடிமக்கள்.

அன்னைக்குக் கேட்ட கேள்வி, இந்தப் பெண்கள் வீட்டை விட்டு எப்படி வெளியே போவாங்கன்னு. இன்னைக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேற. இவங்க எந்த வீட்டுல இருக்கப்போறாங்க? அந்த வீடு யார் பேர்ல இருக்கு?

வயசானவங்களுக்குக் கூரை கொடுக்கிறது யார் பொறுப்புன்னு நம்ம ஊர்ல இதுவரைக்கும் எப்படி யோசிச்சிருக்காங்க? அந்த வரலாறைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

அரிசியும் அம்மன் காசும்

1948 மார்ச் 3 வரைக்கும் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான்கள் ஆட்சி. நவராத்திரி நாட்கள்ல சமஸ்தானம் சார்பா அரிசி தானம் நடக்கும். அரிசியோட ஒரு சின்னச் செப்புக் காசும் கொடுப்பாங்க. அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்குல 'விஜய'ன்னு எழுத்து. 20 அம்மன் காசு சேர்ந்தா ஒரு அணா. அப்படின்னா ஒரு ரூபாய்க்கு 320 காசு. அவ்வளவு சின்ன காசு.

இன்னைக்கும் புதுக்கோட்டைக்காரங்க அம்மன் காசைப் பெருமையா பேசுவாங்க. பேசட்டும். ஆனா தானம் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. யாருக்கு, எப்போ, எவ்வளவுங்கிறதை முடிவு பண்றது கொடுக்கிறவர். வாங்குறவர் அதை நம்பி அடுத்த மாசத்தைத் திட்டமிட முடியாது. வழிப்போக்கர்களுக்கு இருந்த சத்திரமும் அப்படித்தான். வந்தவங்க சாப்பிட்டு, படுத்து எழுந்து கிளம்புறதுக்கான இடம் அது. குடியிருக்கிற இடம் இல்லை.

அப்போ வயசானவங்க எங்க குடியிருந்தாங்க? குடும்பத்தோடதான். திண்ணையில, தாழ்வாரத்துல, சில வீட்டுல நல்ல மரியாதையோட, சில வீட்டுல மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல. அதுல தலையிடுறது ராஜாவோட வேலைன்னு யாரும் நினைக்கலை.

வீட்டு விஷயத்துல அரசு தலையிடவே இல்லையான்னா, ஒரு தடவை பெருசாவே தலையிட்டிருக்கு. 1812ல புதுக்கோட்டை நகரம் தீப்பிடிச்சு எரிஞ்சுது. அப்போ ராஜா சின்னப் பையன். நிர்வாகத்தை மேற்பார்வை பார்த்தவர் தஞ்சாவூர் ரெசிடென்ட் மேஜர் வில்லியம் பிளாக்பர்ன். அவரோட யோசனைப்படி நகரத்தைப் புதுசா வகுத்தாங்க. நடுவுல அரண்மனை, சுத்தி நேர்கோட்டுல வீதிகள், தீப்பிடிக்கிற கூரை வீடுகளுக்குப் பதிலா ஓட்டு வீடுகள். இன்னைக்கு நீங்க கீழ ராஜவீதியில நின்னு பார்த்தா அந்த ஒழுங்கு தெரியும். அடுத்தடுத்த தெருவுக்கு இரண்டாம் வீதி, மூன்றாம் வீதின்னு நம்பர் போட்டே பேர் வெச்சிருக்காங்க.

ஆக, வீடு எப்படி இருக்கணும்னு ஒரு நகரம் முடிவெடுக்க முடியும்ங்கிறது 200 வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊருக்குத் தெரியும். அந்த முடிவுல வயசானவங்க தனியா ஒரு கணக்கா வரலை. அவ்வளவுதான்.

கஞ்சித் தொட்டியில பிரிஞ்ச பாதை

இங்கிருந்து கொஞ்சம் சென்னைக்குப் போயிட்டு வருவோம். தமிழ்நாட்டுல முதியோர் கூரைக்கான பழைய கதைகள்ல ஒன்னு அங்க இருக்கு.

1782. ஹைதர் அலியோட நடந்த போர், அதோட சேர்ந்து பஞ்சம். பசியில நகரத்துக்கு ஓடி வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஒரு மணியக்காரர், அதாவது ஊர் அதிகாரி, ஒரு இடத்தை ஏற்பாடு பண்றார். அது மணியக்காரர் சத்திரம்னு ஆச்சு. ஆங்கிலேயர் வாயில அது 'மொனிகார் சௌல்ட்ரி'. கஞ்சி குடிக்க வந்தவங்கள்ல பல பேர் நோயாளிகள். அதனால 1799ல ஜான் அண்டர்வுட்ங்கிற டாக்டர் அங்கேயே ஒரு வைத்திய விடுதி தொடங்குறார். ஜனங்க அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரின்னாங்க. அந்த ஆஸ்பத்திரிதான் வளர்ந்து வளர்ந்து இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச ஸ்டான்லி மருத்துவமனை. 1938ல அதுக்கு மருத்துவக் கல்லூரியும் வந்துச்சு.

அந்தச் சத்திரம் என்னாச்சு? அது ஆதரவில்லாத முதியவங்களுக்கான இல்லமா, தர்ம நிறுவனமாவே தொடர்ந்துச்சு.

ஒரே வாசல்ல தொடங்கின ரெண்டு வேலை இப்படிப் பிரிஞ்சுது. வைத்தியத்தை அரசு எடுத்துக்கிச்சு. டாக்டர், பட்ஜெட், கல்லூரின்னு அது பெரிய அமைப்பாச்சு. இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரியில வைத்தியம் பார்க்கிறதை யாரும் தானம்னு சொல்றதில்லை, அது நம்ம உரிமை. ஆனா வயசானவங்களுக்குக் கூரை கொடுக்கிறது தர்மமாவே நின்னுடுச்சு. நல்ல மனசுக்காரங்க செய்யுற புண்ணியமா, பிறந்த நாளுக்குப் போய் சாப்பாடு போடுற இடமா. 'முதியோர் இல்லம்'னு சொன்னாலே நமக்கு இன்னைக்கும் மனசுல வர்ற படம் அதுதான்.

20 ரூபாய்ல இருந்து 1,200 வரை

1948ல புதுக்கோட்டை இந்தியாவோட இணைஞ்சு திருச்சி மாவட்டத்தோட ஒரு பகுதியாச்சு. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14ல. இதுக்கு நடுவுல, 1962 ஏப்ரல் 1ல, ஒரு முக்கியமான விஷயம் நடக்குது. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ சென்னை மாகாணத்துல முதியோர் ஓய்வூதியம் தொடங்குது. மாசம் 20 ரூபாய்.

இது எவ்வளவு பெரிய மாற்றம்னு பாருங்க. அம்மன் காசு வருஷத்துக்கு ஒரு பண்டிகையில வர்றது. இது மாசாமாசம் வர்றது. கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது இல்லை, அரசாணைப்படி வர்றது. மத்திய அரசு தேசிய அளவுல இதைச் செய்யத் தொடங்கினது 1995ல. தமிழ்நாடு 33 வருஷம் முந்திக்கிச்சு.

தொகை படிப்படியா ஏறுச்சு. 2011ல 1,000 ரூபாய். 2023ல 1,200. இதுல மத்திய அரசோட பங்கு, 60 முதல் 79 வயசு வரைக்கும் 200 ரூபாய்தான். மீதியைப் போடுறது மாநிலம்.

இப்போ 1,200ஐ 30ஆல வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 40 ரூபாய். அரிசி ரேஷன்ல வந்துடும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில கிடைக்கும். காய்கறி, எண்ணெய், பஸ் இறங்கினதும் ஆட்டோ, செத்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வைக்கிற மொய், எல்லாம் இந்த 40ல. வாடகைக்கு இதுல இடமே இல்லை. ஓய்வூதியத்தைத் திட்டமிட்டவங்க, 'வீடு எப்படியும் இருக்கும்'னு எடுத்துக்கிட்டாங்க. குடும்பம் பார்த்துக்கும்ங்கிற பழைய நம்பிக்கை அரசாணைக்குள்ளேயும் உட்கார்ந்திருந்துச்சு.

வீடு கொடுக்கிற திட்டங்களுக்கும் தமிழ்நாட்டுல குறையில்லை. 1970ல குடிசை மாற்று வாரியம். 1997ல சமத்துவபுரம். 2010ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011ல சூரிய ஒளி மின்வசதியோட பசுமை வீடு. கூடவே மத்திய அரசோட தொகுப்பு வீடுகள். லட்சக்கணக்கான குடும்பங்கள் கூரை வீட்டுல இருந்து கான்கிரீட்டுக்கு வந்தாங்க. அது உண்மையான சாதனை.

ஆனா இதுல எல்லாம் அலகு ஒன்னுதான், குடும்பம். கிராமத்துல கட்டிக்கிற வீடுன்னா பட்டா வேணும். அரசு கொடுக்கிற பணத்துக்கு மேல ஆகுற செலவைப் போட ஆள் வேணும். 68 வயசுல, புருஷன் போனதுக்கு அப்புறம், மகன் பேர்ல இருக்கிற மனையில தனியா இருக்கிற ஒரு அம்மாவை இந்தக் கணக்குல எங்க வைப்பீங்க? அவங்க 'பயனாளி' இல்லை. பயனாளியோட அம்மா.

'அமைக்கலாம்'

2007ல பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்துச்சு. வயசானவங்களோட கூரையைப் பத்தி நேரடியாப் பேசுற சட்டம் இது. ரெண்டு பிரிவை மட்டும் பார்ப்போம்.

பிரிவு 19. வறுமையில இருக்கிற மூத்த குடிமக்களுக்காக, மாவட்டத்துக்குக் குறைஞ்சது ஒன்னுங்கிற கணக்குல, 150 பேர் தங்குற மாதிரி இல்லங்களை மாநில அரசு படிப்படியா அமைக்கலாம். கவனிங்க, 'அமைக்கலாம்'. அமைக்கணும்னு சட்டம் சொல்லலை. அந்த ஒரு சொல்லுல, கடமை திரும்பவும் தர்மமாகுது. சரி, அமைச்சுட்டாங்கன்னே வெச்சுக்குவோம். 2011 கணக்கெடுப்புல 16 லட்சம் பேர் இருந்த மாவட்டம் இது. அதுக்கு 150 கட்டில்.

பிரிவு 23 வேற மாதிரி. பார்த்துக்குவாங்கன்னு நம்பி, அந்த நிபந்தனையோட பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்து, அவங்க பார்த்துக்கலைன்னா, அந்தப் பத்திரம் செல்லாதுன்னு அறிவிக்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழ்நாட்டுல அந்த மனு போறது கோட்ட அளவுல, ஆர்.டி.ஓ. கிட்ட. புதுக்கோட்டை மாவட்டத்துல புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர்னு மூணு கோட்டம். 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போச்சு. பத்திரத்தை ரத்து பண்றதோட, வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டுன்னு சொல்லிடுச்சு.

இது பெரிய பாதுகாப்பு. ஆனா யாருக்கு? எழுதிக் கொடுக்கச் சொத்து இருந்தவங்களுக்கு. குவாரியில கல் உடைச்ச அந்தப் பெண்கள்ல எத்தனை பேர் கிட்ட அவங்க பேர்ல ஒரு சென்ட் இருந்திருக்கும்?

கஜா காட்டினது

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து உள்ளே வந்துச்சு. நாகை, திருவாரூர், தஞ்சாவூரோட சேர்ந்து மோசமா அடிவாங்கின மாவட்டம் புதுக்கோட்டை. அப்போ வந்த படங்கள்ல சாஞ்ச தென்னை மரங்களைப் பார்த்திருப்பீங்க. தென்னையோட சேர்ந்து பறந்தது கூரையும் ஓடும்.

ஒரு வீட்டுல ஓடு பறந்தா மாத்துறது யார்? ஏணி வெச்சு மேல ஏற ஒரு ஆள் வேணும். அந்த ஆள் திருப்பூர்லயோ சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருந்தா? பணம் வரும், போன் வரும். ஏணியில ஏற ஆள் வராது. 'வீடு இருக்கு'ங்கிறதும், 'வயசான காலத்துல இருக்கத் தகுந்த வீடு இருக்கு'ங்கிறதும் வேற வேறன்னு புயல் காட்டுச்சு. வழுக்குற கொல்லைப்புறம், வீட்டுக்கு வெளியே கழிப்பறை, உயரமான வாசப்படி, தூரத்துல குழாயடி. 40 வயசுல இதெல்லாம் கண்ணுல படாது. 75ல ஒவ்வொன்னும் ஒரு விபத்து.

சிங்கப்பூர்ல என்ன பண்ணாங்க?

சிங்கப்பூர்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்க கட்டுமான வேலை பார்க்கிற தமிழ் இளைஞர்கள்ல நம்ம மாவட்டத்துப் பசங்களும் இருக்காங்க. அந்த ஊர் வீட்டு வசதி வாரியம் 1960ல தொடங்கினது. ஜனங்கள்ல பெரும்பாலானவங்க அது கட்டின அடுக்குமாடிகள்லதான் இருக்காங்க. 2015ல அவங்க ஒரு மாற்றம் கொண்டுவந்தாங்க. 55 வயசு தாண்டினவங்க சின்ன வீட்டை 99 வருஷக் குத்தகைக்கு வாங்க வேண்டியதில்லை. 15லேர்ந்து 45 வருஷம் வரைக்கும், அவங்க வயசுக்குத் தேவையான காலத்துக்கு மட்டும் வாங்கலாம். காலம் குறைஞ்சா விலையும் குறையும். 2021ல புக்கிட் பாத்தோக்ல அடுத்த வடிவத்துக்கு விற்பனை தொடங்குச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கதவு, தனிச் சமையல் இடம், குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி. அதே கட்டடத்துல உதவிக்கு ஆளும் உண்டு.

நம்மால அதை அப்படியே நகல் எடுக்க முடியாது. அங்க நிலத்துல பெரும்பகுதி அரசு கையில. நம்ம ஊர்ல அப்படி இல்லை. எடுத்துக்க வேண்டியது வேற ஒன்னு. முதுமைக்கு வீடுன்னா மகன் வீடு, இல்லைன்னா 'இல்லம்'ங்கிற ரெண்டே வழி இல்லை. மூணாவது வழி, வயசானவங்க தாங்களே பூட்டித் திறக்கிற ஒரு சின்ன வீடு.

அந்த மூணாவது வழி தமிழ்நாட்டுலயும் இருக்கு. கோயம்புத்தூர் பக்கம் போனா வரிசையா பார்க்கலாம். ஓய்வுபெற்றவங்களுக்கான தனிக் குடியிருப்புகள். டாக்டர், சாப்பாட்டுக் கூடம், நடைபாதை எல்லாம் உண்டு. நல்லாவே நடக்குது. ஆனா அது பேங்க்ல சேமிப்பும் வெளிநாட்டுல பிள்ளையும் இருக்கிறவங்களுக்கு. ஆதரவே இல்லாதவங்களுக்கு அரசு உதவி பெறும் இல்லம், வசதி இருக்கிறவங்களுக்குக் கோவை. நடுவுல இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு ஒன்னும் இல்லை.

மூணு வாரத்துல ரெண்டு விஷயம்

2024 ஆகஸ்ட் 12. புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியா மாறுது. திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடியும் அதே நாள்ல. மூணு வாரம் கழிச்சு, செப்டம்பர் 1ல, மத்திய அரசோட நகர்ப்புற வீட்டுத் திட்டத்தோட ரெண்டாம் கட்டம் தொடங்குது. இதுல கட்டிக் கொடுக்கிற வீடு, வாங்குற வீட்டுக்கு உதவி மட்டும் இல்லை. கட்டுப்படியாகுற வாடகை வீடுன்னு ஒரு தனிப் பிரிவே இருக்கு. முன்னுரிமைப் பட்டியல்ல கணவரை இழந்த பெண்கள், தனியா வாழுற பெண்கள், மூத்த குடிமக்கள் மூணு பேரும் இருக்காங்க.

வாடகைங்கிற சொல்லு முக்கியம். வாடகை வீட்டுக்குப் பட்டா வேண்டாம். மகன் கையெழுத்து வேண்டாம். ராஜவீதிகளைச் சுத்தி, பஸ் ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே போற தூரத்துல, தரைத்தளத்துல ஒரு அறையும் சமையல் இடமும் உள்ளேயே கழிப்பறையும் இருக்கிற வீடு. வாடகை ஓய்வூதியத்துல ஒரு சின்னப் பங்கைத் தாண்டக் கூடாது. இதைச் செய்ய மாநகராட்சி கிட்ட பணம் குறைவுதான். ஆனா இடம் ஒதுக்குறது, கட்டட அனுமதியில தரைத்தளத்தை முதியோருக்குன்னு வைக்கச் சொல்றது, பராமரிப்புக்கு ஒரு ஆளைப் போடுறது, இதெல்லாம் ஒரு நகரத்தால முடியும். பராமரிப்பு ரொம்ப முக்கியம். கட்டின நாளோட மறந்துட்டா அஞ்சு வருஷத்துல ஒழுகுற கட்டடமும் வேற ஆள் குடியிருக்கிற வீடும்தான் மிச்சம்.

'அப்போ பிள்ளைங்க கடமை என்னாகும், குடும்பம் உடையாதா?'ன்னு நிறைய பேர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா ஆஸ்பத்திரியை அரசு எடுத்துக்கிட்டதால பிள்ளைங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திடலையே. போக்கிடம் இருக்கிற அப்பத்தா மகன் வீட்டுக்கு வந்தா, விருப்பப்பட்டு வர்றாங்கன்னு அர்த்தம். போக்கிடமே இல்லாம இருந்தா, அவங்க சாப்பாட்டுத் தட்டுல விழுற ஒவ்வொரு சொல்லும் கணக்குதான்.

அவசரமும் இருக்கு. 2011ல தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க நூத்துக்குப் பத்துப் பேர். மத்திய அரசோட கணிப்புப்படி 2031ல அது 18 ஆகும். இந்தியாவுல கேரளாவுக்கு அடுத்து வேகமா வயசாகுற பெரிய மாநிலங்கள்ல ஒன்னு நம்மளோடது. அந்தப் பதினெட்டுப் பேர்ல, இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்க அப்பா அம்மாவும் இருப்பாங்க.

அதனால இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது, 'சாப்பிட்டீங்களா'க்கு அப்புறம் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. நீங்க இருக்கிற வீடு யார் பேர்ல இருக்கு? ராத்திரி கழிப்பறைக்குப் போக எத்தனை படி இறங்கணும்?

1991ல புதுக்கோட்டை அந்தப் பெண்களுக்கு சைக்கிளைச் சும்மா தானமாக் கொடுக்கலை. கத்துக்கொடுத்து, கடன் கொடுத்து, அவங்க பேர்லயே வாங்க வெச்சுது. அப்படி ஒரு வேலையைச் செஞ்சு காட்டின ஊர் இது. இன்னொரு தடவை செய்யலாம். இந்தத் தடவை ஒரு வீட்டுச் சாவிக்காக.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.